திரி ஏற்றும் தண்ணீர்

சாடியில் செடி வளர்ப்பவர்கள் இரண்டு வகை: தண்ணீர் ஊற்ற மறந்து கொல்பவர்கள், ஊற்றி ஊற்றியே கொல்பவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பேச்சு வாங்குவதுதான் என் தொழில்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தானாகத் தண்ணீர் குடிக்கும் சாடிகள் செய்து விற்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெயின்ற் வாளிகள். கீழ் வாளியில் தண்ணீர், மேல் வாளியில் தேங்காய்த் தும்புத்தூள் கலந்த மண். கீழ் வாளிக்குத் தண்ணீர் விட ஓரத்தில் ஒரு குழாய். மேல் வாளியின் அடியில் ஒரு துளை. அதன் வழியே பழைய பருத்திச் சீலையைக் கிழித்து முறுக்கிய ஒரு திரி. திரியின் ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை மண்ணுக்குள். மண் காயக் காயத் திரி ஈரத்தை மேலே இழுத்துக் கொடுக்கும். மண் போதிய ஈரமாக இருந்தால் சும்மா கிடக்கும். இவ்வளவுதான். இந்த இவ்வளவை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு, எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வயர் எங்கே?

முதன்முதலாக அச்சுவேலிச் சந்தையில் கடை விரித்தேன். காய்த்துக் குலுங்கும் மிளகாய்க் கண்டோடு ஒரு சாடியை முன்னால் வைத்திருந்தேன். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் வந்தார். செடியைப் பார்க்கவில்லை. வாளியைச் சுற்றிப் பார்த்தார், சரித்துப் பார்த்தார், குனிந்து அடியையும் பார்த்தார். வயரையும் பற்றரியையும் தேடுகிறார் என்று பிறகுதான் விளங்கியது.

பீற்றூட் அவித்த சிவப்புத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றி, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை அதற்குள் தொங்கவிட்டேன். சிவப்பு மெல்ல மெல்லத் துணியில் ஏறியது. நூலுக்கும் நூலுக்கும் இடையில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகள்தான் தண்ணீரைப் பிடித்து மேலே ஏற்றுகின்றன என்று விளக்கினேன். சந்தைக்கு வந்த வேலையை மறந்து, சிவப்பு போத்தலின் கழுத்துக்கு வரும்வரை நின்று பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகும்போது சொன்னார்: "கரண்ட் இல்லாமல் தண்ணி மேலை ஏறுமெண்டால், நான் ஏன் பிள்ளை மாசாமாசம் மோட்டருக்கு பில் கட்டுறன்?"

உடுப்பிட்டியில் இருந்து ஒரு அழைப்பு

அந்தச் சந்தையில் வாங்கிய யாரோ சொல்லி, உடுப்பிட்டியில் இருந்து இராசமணி அக்கா தொலைபேசியில் கதைத்தார். அவருடைய கணவர் சிவபாதம் அண்ணை ஆயுள் முழுவதும் மிளகாயும் வெங்காயமும் செய்த கமக்காரர். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். தோட்டக் காணியை மகன் முறையான பெறாமகனுக்குக் கொடுத்தாயிற்று. வீட்டு மதில் ஓரச் சாடிகளில் மட்டும் மிளகாய்.

"பாரம் தூக்கினால் இனிமேல் எழும்ப மாட்டார் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் பிள்ளை. அந்த மனிசன் விடிய நான் எழும்ப முன்னம் கள்ளமாய்ப் போய்க் கிணத்திலை வாளியாலை அள்ளித் தூக்குது. ஹோஸ் பிடிச்சால் வேரைக் கிண்டிப்போடுமாம்." அக்காவுக்கு அவ்வளவு கவலை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் சாடிக்கு என்றே பிறந்த வாடிக்கையாளர் இவர்தான் என்று நினைத்தேன். என் கணவரின் ஓட்டோவில் சாடிகளை ஏற்றிக்கொண்டு போய் மதிலோரம் வரிசையாக வைத்தேன். பக்கத்துப் பைப்பில் ஹோஸ் மாட்டிக் குழாய் வழியே கீழ் வாளியை நிரப்பினால் போதும், தூக்க ஒன்றுமில்லை. சிவபாதம் அண்ணை கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் வாயைத் திறந்தார்: "நான் வார்க்காத தண்ணியையோ உந்தச் சீலைத்துண்டு வார்க்கப்போகுது?"

செம்பு

கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்று அக்கா கூப்பிட்டார். போய் ஒரு கண்டைப் பிடுங்கினேன். வேர் கறுத்து அழுகி நாறியது. இந்தச் சாடியில் மேல்மண் எப்போதும் காய்ந்துதான் தெரியும். ஈரம் இருப்பது கீழே, வேர் இருக்கும் இடத்தில். அண்ணை ஒருநாளும் விரலை விட்டுப் பார்க்கவில்லை. காய்ந்த மேல்மண்ணைக் கண்டதும் மனம் பொறுக்காது. வாளி தூக்கினால் அக்கா சத்தம் போடுவார் என்று, செம்பில் அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார்.

எனக்குச் சரியான கோபம். "அண்ணை, கீழையிருந்து திரி குடுக்குது, மேலையிருந்து நீங்கள் குடுக்கிறியள். கண்டு மூச்சு விடுறதெப்பிடி?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "விருந்துக்கு வந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டாச்சு எண்டு சொன்னாலும், நான் ஒருக்கால் கேக்கத்தானே வேணும்."

பரிசோதகர் வந்த நாள்

மாரி தொடங்க, நுளம்பு கடித்துப் பரப்பும் டெங்குக் காய்ச்சலும் தொடங்கியது. எங்கள் வளவில் அடுக்கியிருக்கும் வாளிகளைக் கண்டு பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள் போல, சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். ஒரு வாளியில் நுளம்பின் குடம்பிப் புழு கண்டாலும் எல்லாவற்றையும் அகற்ற வேண்டி வரும் என்றார். முதலில் பயந்துதான் போனேன். இருந்தாலும் என் வேலையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. தண்ணீர் வாளிக்கும் மேல் வாளிக்கும் இடையில் நுளம்பு நுழைய இடைவெளி கிடையாது. தண்ணீர் விடும் குழாய்க்கு வலை மூடி. மிஞ்சிய தண்ணீர் வழியும் துளைக்கும் வலை.

அவர் ஒவ்வொரு வாளியாகத் திறப்பித்து, ரோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு பூச்சியும் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். அவர் குசினிப் பக்கமாக ஒரு சுற்றுப் போனார். அங்கே என் கணவர் தேங்காய் துருவித் துருவி எறிந்த சிரட்டைகள் மல்லாந்து கிடந்து மழைத்தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்தன. பரிசோதகர் திரும்பி வந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "வாளி பாஸ் அக்கா, சிரட்டைதான் பெயில்."

திரியும் எண்ணெயும்

மழை விட்டதும் உடுப்பிட்டியில் புதுக் கண்டு நட்டார்கள். செம்பை அக்கா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். வெயில் ஏறிய ஒரு வாரத்தில் மறுபடியும் அழைப்பு. அக்கா அழுதார். கண்டெல்லாம் வாடித் தொங்கவே, அண்ணை பொறுக்க முடியாமல் வாளியைத் தூக்கியிருக்கிறார். நடுவளவில் இடுப்புப் பிடித்து, அப்படியே படுக்கையில் விழுந்துவிட்டார்.

ஓடிப்போனேன். கீழ் வாளி நிறையத் தண்ணீர், மேலே மண் பொடி பறந்தது. என் சாடி ஒரு மனிதனைப் படுக்கையில் போட்டுவிட்டதே என்று கண் கலங்கியது. ஒரு திரியை உருவிப் பார்த்தேன். அது நான் போட்ட திரியே இல்லை. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு பழைய திரியில் வெள்ளையாகப் படிந்திருந்ததால், நடும்போது அக்கா எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதுத் திரி முறுக்கிப் போட்டிருக்கிறார். சாமிப்படத்து விளக்குக்கு முறுக்குவது போலவே அழகாக, இறுக்கமாக, பிரியாமல் இருக்க நல்லெண்ணெய் தடவி. எண்ணெய் ஊறிய திரியில் தண்ணீர் எப்படி ஏறும்? நான் சொன்னதும் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "எண்ணெய் தடவாமல் ஒரு திரி போட்டு எனக்குப் பழக்கமில்லை பிள்ளை."

குச்சி

எல்லாத் திரியையும் மாற்றினேன். பழைய சீலை, நன்றாகத் துவைத்தது, எண்ணெய் படாதது. ஜன்னலுக்குள்ளால் அண்ணை பார்த்துக்கொண்டே கிடந்தார். உள்ளே போய் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் போனேன். அவருடைய கைகளைக் கண்டதும் சொல்ல வந்தது வரவில்லை. போர்வைக்கு மேலே அந்தக் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன. இந்த மனிதரிடம் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பறித்தேன், பதிலுக்கு வேறு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டிகளுக்குள் வரும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் துண்டில் மெல்லிய குச்சி ஒன்றைச் செருகி, ஒவ்வொரு சாடியின் குழாய்க்குள்ளும் மிதக்கவிட்டேன். தண்ணீர் குறையக் குறையக் குச்சி கீழே இறங்கும். "எழும்பி நடக்கத் தொடங்கினதும் ஒவ்வொரு நாளும் விடிய வந்து குச்சியைப் பாருங்கோ அண்ணை. எது இறங்குதோ அதை அக்காவுக்குச் சொல்லுங்கோ, அவ ஹோஸ் பிடிப்பா. மண்ணை விரல் விட்டுப் பாக்கிறதும் உங்கடை வேலை," என்றேன். அவர் தலையைத் திருப்பி ஜன்னலுக்குள்ளால் குச்சிகளைப் பார்த்தார்.

நெடுநாள் அக்காவிடமிருந்து சத்தமில்லை. ஒரு காலை தொலைபேசி அடித்தது, அக்கா. மறுபடியும் ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "வந்து பாத்திட்டுப் போ பிள்ளை," என்று மட்டும் சொன்னார். நானும் கணவரும் போனோம். மதிலோரம் மிளகாய் சிவப்பும் பச்சையுமாகத் தொங்கியது. அண்ணை இரண்டு காலில் நின்றுகொண்டு பக்கத்துத் தோட்டக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: மேல்மண்ணை நம்பக்கூடாது, விரலை விட வேண்டும், திரிக்கு எண்ணெய் ஆகாது. இதையெல்லாம் கண்டுபிடித்தவர் அவரே என்று யாரும் நினைப்பார்கள். கிணற்றடி வாளியைத் தேடினேன். வாளிக்குள் மண், அதில் கொத்தமல்லி முளைத்திருந்தது. தோட்டக்காரர் போனதும், இனி உங்களுக்கு ஓய்வுதானே அண்ணை என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "என்ன ஓய்வு? உதுகள் ஒழுங்காய்க் குடிக்குதுகளோ எண்டு ஆர் இருந்து பாக்கிறது?"

தண்ணீரை மேலே ஏற்றுவது சீலைத்துண்டுக்கே தெரிந்த வேலை, கமக்காரனின் கையிலிருந்து வாளியைக் கீழே இறக்குவதற்குத்தான் என்னை மாதிரி ஒரு ஆள் தேவைப்படுகிறது.