ஹன்சாவின் கார்

கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து வரும் மனைவி சிவரூபினியைப் பாலேந்திரா வீட்டு வாசலிலேயே இறக்க வேண்டும். லண்டனின் அந்த வெம்பிளித் தெருவில் பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண் ஹன்சாதான், அவர்கள் வரும் நேரம் பார்த்துத் தன் காரை வாசலிலிருந்து எடுத்துத் தெருக்கோடியில் விட்டுவிட்டு, மழையிலும் நடந்து வருவார். ஏழு வருடம், ஒரு நாளும் தவறவில்லை.

இப்போது கவுன்சில் அனுமதியோடு கார் ஏற நடைபாதை விளிம்பைத் தாழ்த்தி, முன்தோட்டத்தில் சிவப்புக் கல் பதித்து, சொந்தமாகவே பார்க்கிங் வந்துவிட்டது. கதவுக்குப் புதுப் பெயின்ற், இருபுறமும் ரோஜாத் தொட்டிகள். வீடே புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது.

கற்பூரம் கொளுத்தியாயிற்று. முதன்முதலாகக் காரை உள்ளே ஏற்றப்போன பாலேந்திராவைச் சிவரூபினி மறித்தாள்.

“பொறுங்கோ. முதல்ல ஹன்சான்ரை கார் ஏறட்டும்.”

“நல்ல நேரம் முடியப்போகுதப்பா!”

“அவ வாறதுதான் எனக்கு நல்ல நேரம்.”

பாலேந்திரா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். தானே போய் ஹன்சாவைக் கூப்பிட்டார்.

அந்தக் காரின் நான்கு சில்லுகளுக்கும் சிவரூபினி தன் கையாலேயே தேசிக்காய் வைத்தாள். கார் ஏறியது, தேசிக்காய்கள் நசுங்கி எலுமிச்சை வாசம் கிளம்பியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

உடனே ஹன்சா, பழக்க தோஷத்தில் காரைப் பின்னுக்கு எடுத்து, அவர்களுக்கு இடம் விட்டுத் தெருக்கோடிக்குப் போய்விட்டார்.