வெந்நீரில் போட்ட புதையல் படம்

புதிய தோலைப் பழையதாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்குப் புத்தம்புது பூட்ஸ் வேண்டும், ஆனால் அது மூன்று தலைமுறை மிதித்துத் தேய்ந்ததுபோல இருக்க வேண்டும். அதற்காகத் தோலின்மேல் மெழுகு தடவித் தேய்ப்போம், கசக்குவோம், விரிசல் விட வைப்போம், அடித்த வண்ணத்தை அங்கங்கே துடைத்து எடுப்போம். இந்தப் பாவத்துக்கு ஆன்டிக் ஃபினிஷ் என்று பெயர்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு ஒருமுறை சினிமாக்காரர் ஒருவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். தொல்லியல் ஆராய்ச்சியாளர் குகைக்குள் புகுந்து புதையல் எடுக்கும் சாகசப் படமாம். கதாநாயகனுக்குத் தொப்பி, தோள்பை, ஒரு நீளச் சாட்டை வேண்டும் என்றார். ஆராய்ச்சி செய்கிறவருக்கு எதற்குச் சாட்டை என்று கேட்டேன். நான் இங்கிலீஷ் படமே பார்த்ததில்லையா என்று அவர் பரிதாபமாகக் கேட்டார்.

சாட்டையைச் செய்தோம். அதைச் சொடுக்கும்போது வரும் சத்தம் தோலின் சத்தம் இல்லை, அதன் நுனி ஒலியைவிட வேகமாகப் பாய்வதால் காற்றில் எழும் வெடிப்பு. இந்த விஞ்ஞானத்தை மேனேஜர் பாய்க்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே அவர் பொறுமை இழந்து சொடுக்கிப் பார்த்து, தன் காதிலேயே ஒன்று வாங்கிக்கொண்டார். பிறகு படத்தில் வருவதுபோல அதைக் கூரை உத்தரத்தில் வீசிச் சுற்ற வைத்து, ஆள் தொங்குவதற்குப் பதில் ஓர் உப்பு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். சாட்டை சாவகாசமாகச் சுருள் பிரிந்து மூட்டையைத் தரையில் போட்டது. கதாநாயகன் உப்பு மூட்டையைவிட லேசானவராக இருக்கலாம்.

நிஜமான அகழாய்வை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது முகாம் என்று சொல்லி எங்களை மண் சுமக்கக் கூட்டிப்போனார்கள். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுபோல நாளெல்லாம் மண்ணைச் சுரண்டினார்கள். சுரண்டியதைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். பாறை எதுவும் உருண்டு வரவில்லை, சுவரிலிருந்து விஷ அம்பு பாயவில்லை. பாம்பு ஒன்று வந்தது, எங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. கடைசியில் கையகலத்துக்கு ஒரு பானையின் விளிம்பு கிடைத்தது. பேராசிரியர் பேரன் பிறந்தவர்போல எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பானையோட்டைவிட அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதுதான் அவருக்குப் பெரிது. அடுக்கைக் கலைத்துவிட்டால் அது குப்பைமேட்டு ஓடுதான் என்றார். பக்கத்தில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் காலத்தைக் கணித்துவிடலாம் என்று ஏங்கினார். தங்கம் கிடைக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டார். கிடைத்தால் சுற்றுவட்டாரமே கடப்பாரையோடு வந்துவிடுமாம்.

ஆனால் சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. நூறு, இருநூறு வருஷங்களுக்கு முன்னால் துரைமார் சிலர் அடுத்தவர் நாட்டுக் கல்லறைகளை வெடிமருந்து வைத்தே திறந்திருக்கிறார்கள். கிடைத்ததைக் கப்பலில் ஏற்றித் தங்கள் ஊர்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். படத்தில் இதற்கு மீட்பது என்று பெயர். எங்கள் ஊர்ப் போலீஸ் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட படங்கள் என்றால் என் அக்காவின் கணவருக்கு உயிர். ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, வேர்க்கடலை போடுவார். மத்தியான வேளையில் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு, தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள் கோயில்களை உடைப்பதை போனில் பார்ப்பார். அவர் நிலத்தின் மூலையில் ஒரு நடுகல் இருக்கிறது. வில்லும் கத்தியுமாக ஒரு வீரன், மூக்கு தேய்ந்துபோயிருக்கும். அவர்கள் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா வேண்டிக்கொண்டது அந்தக் கல்லைத்தான். அதிலிருந்து வருஷா வருஷம் அதற்குப் பொங்கல் வைக்கிறாள்.

போன கோடையில் ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"யாரோ தோல்ல வரைஞ்ச படம் ஒண்ணு குடுத்தாங்களாம், இவரு புதையல் எடுக்கப் போறாராம்டா. ஜேசிபிக்குச் சொல்லிக்கீறாரு, மத்தியானம் வருதாம். அந்தக் கல்லுல கை வெச்சா நான் பாப்பாவைக் கூட்டிக்கினு சத்துவாச்சாரிக்கு வந்துடுவேன். திரும்பிப் போக மாட்டேன், சொல்லிட்டேன்."

சத்துவாச்சாரியில் இருப்பது என் வீடு. அக்கா வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போனபோது ஜேசிபி முன்னதாகவே வந்து நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார். மாமா என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய், துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். தோலில் வரைந்த வரைபடம். ஒரு மலை, மூன்று பனைமரம், கத்தியோடு ஒரு வீரன், அவன் காலடியில் ஒரு பெருக்கல் குறி. பள்ளிகொண்டா டீக்கடையில் பழக்கமான ஒருவர் கொடுத்ததாம், ராஜா காலத்துப் பொருளாம். பதிலுக்கு மாமா தன் பைக்கைக் கொடுத்திருந்தார்.

அந்த ஆளிடம் இந்தக் கல்லைப் பற்றி நீங்கள் முன்னாலேயே ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். கல்லைப் பற்றிச் சொன்னதோடு, கூட்டிவந்து காட்டவும் செய்தாராம். அதற்குப் பிறகுதான் அவரிடம் இருந்த படத்தில் இதே கல் இருப்பது தெரிந்ததாம். எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று மாமா இன்னும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

தோலைக் கையில் வாங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. அந்த விரிசல், அந்த மெழுகு வாசனை எல்லாம் எங்கள் பக்கத்து வேலை. செய்தவன் கெட்டிக்காரன்தான், நல்ல பழுப்பு கொண்டுவந்திருந்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றைச் செய்திருந்தான். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் தோல் என்றாலே குரோம் உப்பில் ஊறிய நீலத் தோல்தான். ஓரத்தை நகத்தால் விரித்துப் பார்த்தேன், உள்ளே நீலம் பூத்த சாம்பல் நிறம். குரோம் போட்டுத் தோல் பதனிடும் வழக்கம் வந்து நூற்றைம்பது வருஷம்கூட இருக்காது. அதற்கு முன்னால் எல்லாம் ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டைகள்தான். போதாததற்கு, நம் ஊர் மழைக்கும் மண்ணுக்கும் தோல் தாங்காது. பாலைவனத்து மணலில் கிடந்திருந்தால் தப்பித்திருக்கும், வேர்க்கடலைக் கொல்லையில் எருவாகிப் போயிருக்கும்.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். ராஜா காலத்தில் நீல நிறமே இல்லையா, மயில் எந்த நிறம் என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குப் பேஜாராகிவிட்டது. கடைசியாக, எங்கள் கம்பெனியில் தினமும் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது என்றேன். கொதிக்கிற தண்ணீரில் தோலைப் போட வேண்டும். மரப்பட்டைத் தோல் சுருண்டு விறைத்துவிடும், குரோம் தோலுக்கு ஒன்றும் ஆகாது.

மாமா படத்தை மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"அப்ப அசலா இருந்தா என் படம் போச்சு."

"ஆமா மாமா."

"டூப்பா இருந்தா படம் நல்லா இருக்கும்."

"ஆமா."

"இது இன்னாடா டெஸ்ட்டு?"

நியாயமான கேள்விதான். இத்தனை வருஷத்தில் எங்கள் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. எங்களுக்குத் தோல் சுருங்கக் கூடாது, அவருக்கு அது சுருங்கியே ஆக வேண்டும்.

அவர் சம்மதித்ததற்குக் காரணம் நான் இல்லை. அக்கா உள்ளறையிலிருந்து பாப்பாவின் பள்ளிக்கூட யூனிஃபார்மையெல்லாம் எடுத்துவந்து எங்கள் எதிரிலேயே பையில் அடுக்க ஆரம்பித்தாள். மாமா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிவாள்மணையை எடுத்து, மலை வரைந்திருந்த பக்கமாக ஒரு துண்டை அவரே அறுத்தார். அதை ஒரு காகிதத்தின்மேல் வைத்து, பேனாவால் சுற்றி அளவு வரைந்துகொண்டார். என்னை அவ்வளவு நம்பினார்.

அக்கா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பழசு எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஆவாரம்பட்டைத் தோல் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். தளதளவென்று கொதித்ததும் அதை முதலில் போட்டேன். எண்ணெயில் விழுந்த வடகம்போல அது சுருண்டது. மாமாவின் முகம் மலர்ந்தது. அடுத்து அவர் துண்டைப் போட்டோம். அது தண்ணீரில் துள்ளிக்கொண்டு, குளிக்க வந்ததுபோல நிம்மதியாகக் கிடந்தது. சாயம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. எடுத்துக் காகிதத்தில் வைத்தார். பேனாக் கோட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஓரத்துல கொஞ்சம் சுருங்கன மாதிரி இல்ல?" என்று அக்காவிடம் கேட்டார். அவரே அதை மறுபடியும் தண்ணீரில் போட்டுவிட்டு, அடுப்பைக் கூட்டி வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். மறுபடியும் எடுத்தார், மறுபடியும் பொருந்தியது. அவர் அடுப்பை அணைத்தார்.

"காட்டுப்பன்னி தின்னது போக, மழை அடிச்சிக்கினு போனது போக, நமக்குன்னு ஒரு தபா ஏதாச்சும் கெடைக்கும்னு நெனச்சேன் மச்சான்" என்றார்.

எனக்கு, அந்தத் துண்டு ஒரு நூலளவாவது சுருங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அக்கா பையிலிருந்து யூனிஃபார்மை எடுத்து மறுபடியும் உள்ளே கொண்டுபோனாள்.

நிலத்துக்குப் போய் டிரைவரை எழுப்பி அனுப்பிவைத்தோம். மாமா கல்லின் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகக் கும்பிடுகிறோமே, இவன் யார்தான் என்று கேட்டார். இந்தப் பக்கத்து நடுகற்களில் பலவற்றின் கதை ஒன்றுதான் என்றேன். யாரோ வந்து ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இவன் மீட்கப் போயிருப்பான். மாடு திரும்பியிருக்கும், இவன் செத்திருப்பான், ஊர்க்காரர்கள் கல் நட்டிருப்பார்கள். கல்லுக்கடியில் தங்கமெல்லாம் வைக்க மாட்டார்கள் என்றேன்.

மாமா வெந்த துண்டை இன்னும் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா தோலு?"

"மாட்டுத் தோலு மாமா."

"மாட்டைக் காப்பாத்தப் போயி செத்தவன் இவன். நீங்க அந்த மாட்டையே உரிச்சி, அதுல இவனையே வரைஞ்சி, இவனையே தோண்டிப் போடச் சொல்லி எங்கிட்டயே அனுப்புறீங்க."

வரைந்தது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குங்குமத்தோடு அக்கா வந்துவிட்டாள். கல்லுக்கு எதிரில் இப்படியா நிற்பாய், முதலில் காலில் இருப்பதைக் கழற்று என்றாள். கழற்றினேன். எங்கள் கம்பெனி ஷூ, அசல் மாட்டுத் தோல். கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.