ராஜா அங்கியில் ஒரு கூழாங்கல்

எங்கள் ஊர்தான் தலைநகரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்த்தால் தெரியாது. ஊரைச் சுற்றியுள்ள ராஜ மண்டலத்தை ஒரு காலத்தில் குதிரையில் கடக்க மூன்று நாள் ஆகுமாம். இப்போது பல் துலக்கிக்கொண்டே நடந்துபோய் எல்லைக்கல்லைத் தொட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வாய் கொப்பளிக்கலாம். ஆறு திசை மாறியது. ஆற்றோடு கப்பல் போயிற்று. கப்பலோடு ஜனமும் துறைமுகத்துக்குப் போய்விட்டது. நான் பூட்டு ரிப்பேர் செய்பவன். ஊரில் முக்கால்வாசி வீட்டில் பூட்டுதான் குடியிருக்கிறது. ஆனால் திறக்க வருகிறவர்கள்தான் யாருமில்லை.

இருந்தும் இது இன்னும் தலைநகரமாக இருப்பதற்குக் காரணம் அரண்மனைச் சலவைக்கூடத்து அக்கா. ராஜாதான் காரணம் என்று நினைத்தால் உங்களைப் போல வெகுளி வேறு யாருமில்லை.

சட்டம் இதுதான். மாதம் ஒருநாள் ராஜா நான்கு வீதியும் சுற்றி வர வேண்டும். நான்கிலும் ஜனங்கள் கூடி நின்று வாழ்த்த வேண்டும். ஒரு வீதி வெறிச்சென்று கிடந்தாலும் தலைநகரப் பட்டம் துறைமுகத்துக்குப் போய்விடும். அதைப் பார்ப்பதற்கென்றே துறைமுகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் மாதாமாதம் வந்து, ராஜாவுக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்து வருவார்.

ஊரில் நடமாடக்கூடியவர்கள் நாற்பது பேர். வீதிக்குப் பத்துப் பேராக நின்றால் வாழ்த்த வந்தவர்கள் மாதிரி இராது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும். எட்டு வருடம் முன்பு அக்காதான் வழி சொன்னாள். நாற்பது பேரும் கிழக்கு வீதியில் வெள்ளைத் தலைப்பாகையோடு வாழ்த்துவோம். ராஜா முனை திரும்பியதும் பின்சந்தில் விழுந்தடித்து ஓடுவோம். அங்கே கொடியில் அக்கா சிவப்புத் துண்டுகள் போட்டிருப்பாள். அதைச் சுற்றிக்கொண்டு தெற்கு வீதி. அடுத்த சந்தில் பச்சை, பிறகு மேற்கு. வடக்கே வெறுந்தலை. ரொட்டிக்கடைக்காரனுக்கு ஒட்டகம் என்று பட்டப்பெயர். அவ்வளவு உயரம் எந்தத் தலைப்பாகையிலும் மறையாது என்பதால் இரண்டு வீதியில் நிற்பான், இரண்டு வீதியில் குந்தியிருப்பான்.

"எட்டு வருஷத்துல ஒரு நாளாவது லேட்டா போய் நின்னிருக்கோமா? எல்லாம் என் திட்டம்!" என்று அக்கா மார்தட்டிக்கொள்வாள். முட்டிவலியோடு அவளும்தான் ஓடினாள். காரணம் இருந்தது. சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைதான் அவள் வீடு. பட்டம் போனால் அதுவும் போகும். அப்புறம் துறைமுகத்தில் தங்கை வீடுதான் கதி. தங்கை நல்லவள்தான். ஆனால் யார் பாத்திரம் துலக்கினாலும் பின்னாலேயே வந்து மறுபடி துலக்குகிற ரகம்.

"அவ சமையல்கட்டுல நிக்கறதுக்கு இந்த வெள்ளாவி அண்டாவுல குதிச்சிடுவேன்" என்பாள் அக்கா.

ராஜாமேல் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஒவ்வொரு உலா முடிந்தும் அவர் அங்கி வெளுக்க வரும். தண்ணீரில் போடும் முன் பையைத் துழாவினால் உள்ளே ஒரு கூழாங்கல். அதை எடுத்து ஜன்னல் வழியே வீசுவாள். "அறுபது வயசாச்சு, கல்லு பொறுக்கற புத்தி போகல. இவரெல்லாம் ராஜா!" ஜன்னலுக்கு வெளியே சின்னக் குவியலே சேர்ந்துவிட்டது.

ராஜாவின் குதிரை பறக்கும் குதிரை வம்சம். இறக்கை இருக்கிறது, பிழியாத துணி மாதிரி இரண்டு பக்கமும் தொங்கும். அது பறந்ததை என் அப்பாகூடப் பார்த்ததில்லை. நடப்பதே பெரிய பாடு என்று நாங்கள் கேலி செய்வோம்.

போன மாத உலாவில் தெற்கு வீதி வரை எல்லாம் சுமுகம். பின்சந்துக்குள் ஓடினால், பழைய ஆயுதக்கிடங்கின் மதில் அப்படியே சரிந்து சந்தை அடைத்துக் கிடக்கிறது. பச்சைத் துண்டெல்லாம் அதற்கடியில். நாங்கள் வாழ்த்திய சத்தத்திலேயே விழுந்ததோ என்னவோ.

"தலைப்பாகை கிடக்கட்டும், சிவப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு சுத்துவழியா ஓடுங்க!" என்று கத்தினாள் அக்கா.

சுற்றுவழி மூன்று மடங்கு தூரம். பாதி வழியில் அக்காவின் முட்டி மக்கர் செய்தது. நான் ஒரு கை, ஒட்டகம் ஒரு கை பிடித்துத் தூக்காத குறையாக இழுத்துப் போனோம். "போச்சு தம்பி, எல்லாம் போச்சு. இனிமே அவ துலக்கின பாத்திரத்துலதான் எனக்குச் சோறு" என்று அழுதுகொண்டே வந்தாள்.

மேற்கு வீதிக்கு வந்தால் ஈ காக்கை இல்லை. கடந்து போய்விட்டாரா? முனையில் தலையை நீட்டிப் பார்த்தோம்.

ராஜா இன்னும் தெற்கு வீதி நடுவிலேயே இறங்கி நின்றுகொண்டிருந்தார். குதிரையின் பின்னங்கால் ஒன்றைத் தூக்கி முழங்காலில் வைத்திருந்தார். வண்டியில் ஆய்வாளர் கொட்டாவி விட்டார். ராஜாவின் வலது கை மெல்ல அங்கிப் பைக்குள் போனது, வெளியே வந்தது, குளம்புக்கடியில் போனது.

"இதோ பாருங்க, இந்தக் கால்லயும் கல்லு!"

"இது மூணாவது கால். மாசாமாசம் உங்க குதிரைக்கு மட்டும் எங்கிருந்து கல்லு மாட்டுது?" என்றார் ஆய்வாளர்.

"எங்க ரோடு அப்படி. இன்னும் ஒரு கால் பாக்கி, பாத்துடறேன்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், குதிரையின் முதுகுக்கு மேலாக எங்களைப் பார்த்தார். உதடு அசைய எங்கள் தலைகளை எண்ணினார். நாற்பதும் சரியாக இருந்திருக்க வேண்டும். கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அன்றைக்கு மேற்கு வீதியில் அக்கா வாழ்த்திய மாதிரி எட்டு வருடத்தில் வாழ்த்தியதில்லை. அடுத்த சந்தில் நொண்டிக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் நம்ம கால் வேகம்னு நெனச்சேனே தம்பி."

"திட்டம் நல்ல திட்டம்தான்க்கா."

"வாயை மூடிக்கிட்டு ஓடு."

நாளைக்கு இந்த மாத உலா. சாயங்காலம் சலவைக்கூடத்துப் பூட்டு ஒன்றைச் சரிசெய்யப் போயிருந்தேன். அங்கியை இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்த அக்கா, வெளியே போய் ஜன்னலுக்கடியில் குந்தி அந்தக் குவியலைக் கிளறினாள். வழவழப்பாக ஒரு கல் எடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ராஜாவின் பையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பூட்டையே பார்த்தேன்.

திரும்பவும் வெளியே போய் இன்னும் மூன்று கொண்டுவந்தாள்.

"அந்தச் சந்தை இன்னும் யாரும் சரி பண்ணலையே" என்றாள்.