வல்லாரை நடுவே நாற்காலி

"இன்னிக்கு வருதா அண்ணே?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ராக்காயி கேட்கிறார். கையில் மல்லிகைக் கொடியின் நுனி. அதை வளைத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். வாசனை வருகிறது என்று மட்டும் சொன்னால் விடமாட்டார்.

"நேத்து மாதிரியா, கூடவா?"

"கூடத்தான்."

"எவ்ளோ கூட?"

நான் தினமும் மழையை அளந்து எழுதிவைக்கிறவன். ஆகவே என் மூக்கும் அளந்து சொல்லவேண்டும் என்பது அவருடைய எண்ணம். "நேத்து மழைக்கு அப்புறம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்றதும் கொடியை விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்கிறார்.

ராக்காயிக்கு வாசனை தெரியாது. ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் கும்பலில் வேலை செய்த காலத்திலேயே போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "மூக்கு இருக்குலா, மூக்குத்தி மாட்ட." வலக்கை ஆட்காட்டி விரலில் நகமும் கிடையாது. கசியும் பம்பின் விசையை வருடக்கணக்காகப் பிடித்திருந்த விரல் அது. நகம் ஒருமுறை விழுந்தது, வளர்ந்தது, மறுபடி விழுந்தது, பிறகு வரவே இல்லை. மற்ற விரல்களுக்கு மருதாணி வைக்கும்போது அந்த விரலையும் விடமாட்டார். விதை ஊன்றக் குழி போடுவதற்கும் அதுதான். "நகம் இருந்தா மண்ணு ஏறும். இது சுத்தமான சாமான்."

ஈப்போவுக்கு வெளியே, பழைய தோட்டமொன்றை வெட்டிப் போட்ட குடியிருப்பு எங்களுடையது. பின்னால் பெரிய கால்வாய்; அதற்கப்பால் விற்காமல் மிச்சம் வைத்த ரப்பர் மரங்கள். பிப்ரவரியில் அவை இலையைக் கொட்டி மொட்டையாக நிற்கும். பிறகு ஒரு மழை விழும். செப்புக்காசு நிறத்தில் தளிர் வரும். இந்த ஊரில் இளவேனில் என்று ஒன்று உண்டென்றால் அந்தச் சில வாரங்கள்தான். அப்போது ராக்காயியின் கொல்லையில் எல்லாம் ஒரே மூச்சில் பூக்கும். பாகலின் சிறு மஞ்சள், பீர்க்கின் பெரு மஞ்சள், கத்தரியின் ஊதா, பந்தல் முழுக்க அவரை, கிணற்றடி இல்லாத குறைக்குக் குழாயடியில் கனகாம்பரம்.

இவற்றுக்கு இணையான மரியாதையுடன் களைகளும் வளர்கின்றன. உடைந்த வாளியில் கீழாநெல்லி, பால் டின்னில் குப்பைமேனி, கால் வைக்கும் இடத்தில் தொட்டாற்சுருங்கி. பிடுங்கமாட்டார். வருகிறவர்களிடம் அறிமுகம் செய்துவைப்பார். "இவள பீடோர் தோட்டத்துல வரிசை வரிசையா கொன்னேன். மறுபடி வந்துட்டா, ரோசக்காரி." தொட்டாற்சுருங்கியைக் காலால் சீண்டி, "இவன் நடிப்பு. செத்த மாரி படுத்துக்குவான். வேலைய மேய்க்கிற மண்டோர் வந்தா நாங்களும் அப்படித்தான்."

வல்லாரை மட்டும் வேலிக்குள் அடங்கவில்லை. கம்பிக்கு அடியில் புகுந்து, கால்வாய்க்கும் எங்கள் வேலிகளுக்கும் நடுவேயுள்ள பொதுநிலத்தில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. மாலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அதன் நடுவில் போட்டுக்கொண்டு கீரை கிள்ளுவார். கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பார். கேட்காதவர்கள் வீட்டுக் கேட்டிலும் ஒரு கீரைக்கட்டைத் தொங்கவிடுவார்.

அந்த நிலத்தில்தான் சண்டை. குடியிருப்புச் சங்கம் அங்கே களைக்கு மருந்தடிக்க ஆள் வைத்திருக்கிறது. போன வருடம் இதே பருவத்தில் அடித்தார்கள். அடித்தது வெளியே, காற்று உள்ளே கொண்டுவந்தது. பந்தலுக்கு அடியில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ராக்காயிக்கு நெடி தெரியவில்லை. மறுநாள் காலை பாகலும் அவரையும் வெந்நீர் கொட்டியதுபோல் வெளுத்துத் தொங்கின. பூ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று நான் லூமுட்டில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் அவர் சொன்னது: "மூக்கு ஊர்ல இல்ல, என்னா செய்ய."

இந்த வருடம் சனிக்கிழமை காலை அடிக்கப்போவதாகச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலையே செயலாளர் மகேந்திரன் நேரிலும் வந்தார். நல்ல மனிதர். யார் வீட்டுச் சாவானாலும் முதல் ஆளாகக் கூடாரம் கட்டுகிறவர்.

"அக்கா, பாம்பு வருதுன்னு கம்ப்ளேன்லா. நான் என்னா செய்யட்டும்?"

"பாம்பு வந்தா எங்கிட்ட அனுப்பு. கீரை குடுத்து அனுப்புறேன்."

"வெளையாடாதீங்க அக்கா. அது உங்க நெலமும் இல்ல."

"நான் மருந்து அடிச்ச நெலம் மட்டும் எந்நெலமா?"

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குமுன் ராக்காயி நாற்காலியை வல்லாரை நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு முறம். மகேந்திரனும் மருந்தடிப்பவரும் கால்வாய் ஓரமாக வந்தார்கள். மருந்தடிப்பவர் இந்தோனேசியர், நாற்பது வயதிருக்கும். முதுகில் பம்பு, வாயைச் சுற்றிக் கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு.

"எந்திரிங்க அக்கா. காலையிலேயே மானத்த வாங்காதீங்க."

"அடிக்கச் சொல்லு. நான் பாட்டுக்குக் கீரை கிள்ளுறேன்."

"இப்ப வர்ற மருந்து வேறக்கா. ஒண்ணும் செய்யாது."

"எங்களுக்கும் அப்படித்தான் சொன்னானுங்க. எங்கூட மருந்தடிச்ச ஒங்கம்மா மூக்குல ரத்தம் ஒழுகிப் படுத்திருந்தா. துணி நனைச்சுப் போட்டவ நாந்தான். ஒண்ணும் செய்யாதுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரேசர் வந்து சொல்லிட்டுப் போனான்."

மகேந்திரன் கால்வாயைப் பார்த்தார். "அதெல்லாம் அந்தக் காலம்லா" என்றார். குரலில் முன்பிருந்த உரம் இல்லை. ஆனால் கூட்டிவந்த ஆளைப் போகச் சொல்லவும் இல்லை. மருந்தடிப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு விசையில் கைவைத்தபடி நின்றார்.

ராக்காயி எழுந்தார். மகேந்திரனைத் தாண்டி அந்த ஆளிடம் போனார். கையுறை எங்கே என்று மலாயில் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். ராக்காயி தன் ஆட்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அதைப் பார்த்தார். பிறகு பம்பின் விசையில் இருந்த தன் விரலைப் பார்த்தார். கை தானாக விலகியது.

அடுத்து நடந்ததை வேலியோரம் நின்று நான் கண்ணால் கண்டேன். ராக்காயி அவருக்குப் பின்னால் போய் இரண்டு பட்டைகளையும் தளர்த்தினார். பம்பைக் கீழே வைப்பார் என்று நினைத்தேன். ஒரு முழங்காலை மடக்கி, உடம்பை லேசாகச் சாய்த்து, ஒரே சுழற்றில் அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். அறுபத்தாறு வயது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குனியாமல், அவசரப்படாமல், சந்து வழியே நடந்து, தெருமுனையில் நின்ற லாரியின் பின்பலகையில் அதை இறக்கிவைத்தார். மருந்தடிப்பவர் வெறும் முதுகோடு பின்னாலேயே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"திங்கக்கிழமை வேற ஆளு வரும்க்கா. கமிட்டி முடிவு, என் கையில இல்ல" என்றார் மகேந்திரன்.

"வரட்டும். நானும் இங்கதான் இருப்பேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். போகும்போது வல்லாரையை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்.

ராக்காயி குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கைவரை இரண்டுமுறை கழுவினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவரை விதைகளை எடுத்தார். நாற்காலியிடம் திரும்பி வந்தார். உட்காரவில்லை. அதைத் தூக்கிக் கால்வாய்ப் பக்கம் இன்னும் இரண்டடி தள்ளி, கால்கள் மண்ணில் இறங்குமளவு அழுத்தி நட்டார். பிறகு குந்தி, நாற்காலியின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் அந்த நகமில்லாத விரலால் குழி போட்டு, விதையை இட்டு, மண்ணை மூடினார்.