செவ்வாய்க்கிழமை மட்டும் காலி

என் மகள் யாழினிக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. ஹால், பலூன் வளைவு, ரிட்டர்ன் கிஃப்ட் எதுவும் இந்த வருடம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். போன வருடம் வந்த பொம்மைகளில் பாதி இன்னும் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. அந்தப் பணத்தில், தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெண் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடலாமே? வடை, பாயசத்தோடு மெனுகூட எழுதிக்கொண்டுதான் போனேன்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நோட்டைப் புரட்டினார்.

“அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மேடம். மூணு வேளையும் புக் ஆயிருச்சு. சாயங்காலம் சுண்டல்கூட ஒருத்தர் சொல்லிட்டாங்க.”

“அப்ப வர்ற அமாவாசைக்கு?”

“அது முன்னாடியே போயிரும். போன அமாவாசைக்கு மூணு வேளையும் பாயசம். பிள்ளைங்க ரசம் சாதம் கேட்டு அழுதுச்சுங்க.”

தர்மம் செய்வதற்கும் வெயிட்டிங் லிஸ்ட்! கிளம்ப எழுந்தேன்.

“செவ்வாய்க்கிழமை காலையில காலிதான். வர்றீங்களா?”

“டிபனுக்கா?”

“இல்ல மேடம். தலை பின்னி விட.”

அப்போதுதான் கவனித்தேன். முற்றத்தில் விளையாடிய பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிராப்பு. நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆயாக்கள்... முடி வளர்த்தவர்கள் ரெட்டைப் பின்னல் இல்லாமல் போனால் பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்துகிறார்கள். அதனால் வெட்டிவிடுவது வழக்கம். ஐந்து பேர் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருடமாக முடி வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் வந்து பின்னுகிறார்கள். செவ்வாய்க்கிழமைக்காரர் மகனோடு இருக்க சிங்கப்பூர் போய்விட்டார்.

“ஆள் கிடைக்கலைன்னா வெட்டிற வேண்டியதுதான். ஆனா ஒண்ணு மேடம், ஆரம்பிச்சிட்டு பாதியில நிறுத்திறாதீங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பாயசம் என்றால் ஒரு நாளோடு முடிந்துவிடும். இது வாரா வாரம். என்னால் முடியுமா? காலை ஏழு மணிக்கு என் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது சரியா?

திருக்காட்டுப்பள்ளியில் நான் ஆறாவது படித்தபோது, பக்கத்து வீட்டு ரஹீமாவின் அம்மா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் காலையில் ரஹீமா ரிப்பனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் அம்மா அவளைத்தான் முதலில் உட்கார வைப்பார். நான் சீப்பைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி நிற்பேன்.

“நான் மட்டும் ஏம்மா கடைசியில?”

“உனக்கு நான் நாளைக்கும் இருப்பேன்டி. சும்மா நில்லு.”

அந்த வருட தீபாவளிச் சட்டை என்ன நிறம்? ஞாபகமே இல்லை. ஆனால் என் தோளை இறுக்கிப் பிடித்த அம்மாவின் முழங்கால்கள், வகிடு எடுக்கும்போது கூசுகிற சீப்பு முனை, விரல்களில் தேங்காயெண்ணெய் வாசனை... எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரஹீமா இப்போது துபாயிலிருந்து போன் செய்தாலும், “அம்மா கைவலி எப்படிடி இருக்கு?” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

மறுநாளே போய்ச் சரி என்று சொன்னேன். ஹாலுக்கு வைத்திருந்த பணத்தையும் கொடுத்தேன் — பாயசத்துக்கு இல்லை என்ற நிபந்தனையோடு.

பிறந்தநாளுக்கு வீட்டில் கேசரி, இரண்டு தோழிகள். யாழினிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவள் அதை மறைக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னதும் முகம் இன்னும் சுருங்கியது.

“அப்ப அன்னிக்கு எனக்கு யாரு பின்னுவா?”

“அப்பா.”

“அப்பாவா?”

அவருக்கும் அதே அதிர்ச்சி. “ரெண்டா பிரிக்கணுமா, மூணா?” என்று கேட்டார்.

ஆறு செவ்வாய்க்கிழமைகள் ஆகிவிட்டன. அந்த ஐந்து பேரின் முடியும் அப்படியே இருக்கிறது. ஒருத்திக்குத் தோளைத் தாண்டிவிட்டது. நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மட்டும் இன்னமும் வாசலில் நின்று யாழினியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் கோணல் வகிடும் ஏற்ற இறக்கமான பின்னலுமாக ஒரு பெண் பள்ளிக்கூடம் போனால், தயவுசெய்து பரிதாபப்படாதீர்கள்... அது அம்மா இருக்கிற பிள்ளைதான்.