எண்ணிக்கை வரிசையில் உட்கார்ந்தோம்

முதல் அறிகுறி சோறுதான். எட்டு வயது டிலுக்சி தட்டில் பாதியை மீதி வைத்தாள். கறி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தத் தடுப்பு முகாமின் கறி எனக்கும்தான் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் முக்கால்வாசி மீந்தது. அதற்கடுத்த வாரம் தட்டையே தொடவில்லை. தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வந்தது.

யாருக்காக இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அடைக்கலம் கேட்டுப் போன நாட்டில், பிள்ளையோடு கம்பி வேலிக்குள் அடைபட்டிருக்கும் அம்மாவுக்கு. அவள் குரலைப் போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்கும். என் பிள்ளை பிழைத்தாள். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். உங்களைக் கடைசி வரை பதறவைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

நாங்கள் இலங்கையில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். நான் கொழுந்து பறித்தேன். என் கணவர் செல்வம் ஆட்டோ ஓட்டினார். ஒரு மனிதரை நாலு பேர் அடித்துக் கொன்றதை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததோடு நிற்காமல் சாட்சியும் சொன்னார். அதன் பிறகு எங்கள் லயத்துக்கே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வந்து மிரட்டினார்கள். டிலுக்சி பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்றார்கள். நாட்டை விட்டே ஓடினோம்.

போய் இறங்கிய விமான நிலையத்திலேயே அடைக்கலம் கேட்டோம். அப்படிக் கேட்பது ஒரு மனிதரின் உரிமை என்பது பிறகு எங்களுக்காக வழக்காடிய வழக்கறிஞர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்று ஒரு வண்டியில் ஏற்றி முகாமில் விட்டார்கள். செல்வத்தை ஆண்கள் பகுதியில் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. கொலை செய்தவனுக்குக்கூட விடுதலைத் தேதி உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை.

காலையும் மாலையும் எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார்கள். பிள்ளைகளையும்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பதினெட்டு வயதிலிருந்து தினமும் காலையில் பெரட்டில் (வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளர்கள் கூடும் வரிசை) நின்று பழகியவள் நான். டிலுக்சிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எண்ணுகிறவரின் விரல் அவள் பக்கம் நீளும்போது என் கையை இறுக்கிப் பிடிப்பாள். பிறகு பிடிப்பதையும் விட்டாள். பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோனது.

இனி என்னுடைய தப்பு. மறைக்க விரும்பவில்லை.

முகாமின் தாதி வாரம் ஒருமுறை வந்து பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் நான் "பரவாயில்லீங்க" என்றேன். தோட்டத்தில் டிஸ்பென்சரி ஐயாவிடமும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடமும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அப்படித்தான் சொல்வோம். உடம்பு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் வேலைக்கள்ளி என்று பேர் வரும். அதனால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று நிற்போம். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். அந்தத் தாதிக்கு எப்படி விளங்கும்? சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

தாதியோடு வரும் மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஆறாவது வாரம் தாதி போன பிறகு அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறதைத்தான் நான் சொல்லலாம். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. பிள்ளை நல்லா இருக்கிறாள் எண்டு நீங்கள்தானே ஆறு தரம் சொன்னனீங்கள்."

அடுத்த வாரம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிந்திவிட்டது. டிலுக்சி கட்டிலை விட்டு எழும்பவே இல்லை. வந்து பார்த்த மருத்துவர், இது பின்வாங்கல் நிலை (தாங்க முடியாத சூழலில் பிள்ளையின் மனமும் உடலும் உண்பது, பேசுவது, அசைவது எல்லாவற்றிலிருந்தும் விலகிக்கொள்வது) என்றார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தார். முகாம் அதிகாரி மறுத்துவிட்டார். கோப்பை விரித்துக் காட்டினார். ஆறு வாரமாகப் பிள்ளை நலம் என்று தாயே சொல்லியிருக்கிறாள், இப்போது வெளியே போக நாடகம் போடுகிறாள் என்றார். என் வாயாலேயே என் பிள்ளைக்குக் கதவைச் சாத்தியிருந்தேன். அன்றைக்கு என்னை நான் வெறுத்த அளவு வேறு யாரையும் வெறுத்ததில்லை.

அன்று போன் பேச எங்கள் முறை. நோர்வூட்டில் இருக்கும் என் அக்கா ராணியிடம் அழுதேன். அவளும் கொழுந்து பறிப்பவள்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அன்று அதுவே நல்லதாகப் போனது.

"ஏன்டி, மடுவத்துல கொழுந்து நிறுக்கயில எடையக் கூடுதலாக் கழிச்சா நீ என்னா செய்வ?"

"சாக்க எறக்கி வச்சிட்டுக் குந்திக்குவேன்."

"கணக்கு சரியாகுற வரைக்கும் எந்திரிப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப அங்க மட்டும் ஏன்டி நின்னுக்கிட்டு இருக்க?"

மறுநாள் காலை டிலுக்சியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனேன். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது, அவ்வளவு கனம்தான் இருந்தாள். என் முறை வந்ததும் அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். காவலர் எழும்பச் சொன்னார். இன்னொருவர் வந்து குரலை உயர்த்தினார். நான் டிலுக்சியை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில் ஒருத்தி குந்தினால் மற்றவர்களும் சாக்கை இறக்கிவிடுவார்கள். இங்கே யாருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற சோமாலியப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஆப்கான் சகோதரிகள் இருவரும். ஒரு வார்த்தைகூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுகொண்டிருந்தது காவலர்கள் மட்டும்தான். எண்ணி முடிக்காமல் அந்த முகாமில் எதுவும் நகராது. கதவு திறக்காது, சாப்பாட்டு வண்டி வராது, காவலர்கள்கூட வேலை மாற முடியாது. மத்தியானத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நாசிக்குழாய் (மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார்கள். ஏன் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் இரத்தத்தில் உள்ள உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று விளக்கினார்கள். உங்களுக்கும் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அவளை முகாமுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. குழந்தைகள் பிரிவின் பெண் மருத்துவர் கட்டிலருகில் நின்று அதைப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதை எனக்குச் சொன்னார்: "இவளை அங்கேயே திருப்பி அனுப்பினால் மறுபடியும் இங்கேதான் வருவாள். அதனால் நான் அனுப்பப்போவதில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரும் ஒரு விதத்தில் உட்கார்ந்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மறுப்பை வைத்து வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். பிள்ளையை அடைத்து வைப்பதுதான் நோய்க்குக் காரணம் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். எங்கள் மூவரையும் வெளியே விடச் சொன்னார். நாங்கள் ஜெயித்தோம். அடுத்த மாதங்களில் அதே தீர்ப்பைக் காட்டி அந்த முகாமிலிருந்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சோமாலியப் பெண் வெளியே வந்த நாளில் முகாம் வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். என்னவென்று தெரியாமலே நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

டிலுக்சி மறுபடியும் முதலில் பேசியது ஆஸ்பத்திரியை விட்டு வந்து சேர்ந்த வாடகை அறையில்.

"கதவு பூட்டியிருக்கா?"

"இல்லடா. நீயே போயி பாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அன்று மாலை அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். அதன் பிறகும் ஒரு வருடம் சிகிச்சை போனது. சில நாள் நன்றாகச் சாப்பிடுவாள், சில நாள் போர்வைக்குள் சுருண்டுகொள்வாள். குணமாவது நேராக ஏறும் பாதை இல்லை, எங்கள் ஹட்டன் ரோட்டைப் போலத்தான் வளைந்து வளைந்து போகும்.

எங்கள் அடைக்கல மனு விசாரணைக்கு வருவதற்குள் இலங்கையில் செல்வம் சாட்சி சொன்ன வழக்கு முடிந்து அந்த நாலு பேரும் சிறைக்குப் போனார்கள். யாரும் எங்களை அனுப்பவில்லை. நாங்களாகவே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நோர்வூட்டுக்கு வந்தோம். உள்ளே இருக்கும் அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அங்கே மரியாதைக்காக எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிலுக்சிக்கு இப்போது பதினான்கு. போன யாத்திரைச் சீசனில் அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறினோம். மற்றவர்களைப் போல இரவில் ஏறாமல், காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெயிலில்தான் கிளம்பினோம். பாதி வழியில் என் முழங்கால் விட்டுவிட்டது. அவளுடைய கெண்டைக்கால் எனக்கு மேலே படி படியாகப் போய்க்கொண்டிருந்தது, சதைப்பிடிப்போடு, உருண்டு திரண்டு. அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை. அவளுடைய உடம்பு இனி நான் காவல் காக்க வேண்டியது இல்லை, அவளே ஏறிப்போகும் ஒன்று என்று அந்தப் படியில்தான் புரிந்தது. முகாமில் தொடங்கிய நாள் எண்ணும் பழக்கமும் எனக்குள் அங்கேதான் முடிந்தது.

மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவா வாங்கம்மா. நேரம் கெடக்கு."

உண்மைதான். இறங்குவதற்கும் சேர்த்து முழுப் பகலும் எங்களிடம் இருந்தது.