செல்லத்துரைக் கிராணியைப் புகழ்ந்த செய்தி

நான் ஒரு மனிதனைப் புகழ்ந்தே கொன்றேன். பத்திரிகையில் நாலே நாலு வரி... ஆள் போய்விட்டான்!

பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஜார்ஜ்டவுனின் கதையை எழுதுகிற உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கு அப்படியே இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு விலை, டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த கடிகாரங்கள், சூலியா தெருவில் சைக்கிள் திருட்டு, பழைய டயரில் செருப்பு தைத்து விற்றவரின் விளம்பரம்... எல்லாம் மெய். அந்தப் பத்திரிகையில் நான் அச்சுக் கோப்பவனாக இருந்தேன். நீங்கள் படித்த எழுத்துகளில் பாதி என் விரல் பட்டவை.

ஆனால், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குத் தாமாகவே முன்வந்து போன தமிழர் என்று செல்லத்துரைக் கிராணியை மெச்சியிருக்கிறீர்களே, அது பொய். அந்தச் செய்தியை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நானே இட்டுக்கட்டினேன்!

ஏன் என்று கேட்கிறீர்களா?

செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். சயாமுக்கு ஆள் பிடித்து அனுப்பும் அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தார். ஜப்பானியர் கேட்ட தலைகளை அவர் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை அவருடைய அக்காள் மகனின் பெயரும் அந்தப் பட்டியலில் விழுந்துவிட்டது. அதை அடித்துவிட்டு, அரிசி வாங்க வரிசையில் நின்ற என் அண்ணன் மாணிக்கத்தைச் சேர்த்துக்கொண்டார். மருமகன் மறுநாளும் பாசார் கடைத்தெருவில் வெற்றிலை மென்றுகொண்டு திரிந்தான். என் அண்ணன் லாரியில் ஏறினான்.

ஓடினேன். காலைப் பிடித்தேன். "கிராணி ஐயா, எனக்குன்னு இருக்கிறது அண்ணன் ஒருத்தன்தான்!"

அவர் தலை நிமிரவில்லை. "மூண்டு மாதம்தானே தம்பி. கொழுத்துப்போய் வருவான்."

அண்ணன் வரவில்லை. உடன் போன ஒருவன் காய்ச்சலோடு தப்பி வந்து, மாணிக்கத்தை மூங்கில் காட்டில் புதைத்ததைச் சொன்னான். அன்று பற்றிய நெருப்பு... இன்னும் அணையவில்லை, ஐயா!

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இடம் மிஞ்சினால் அச்சுக் கோப்பவனே ஏதாவது துணுக்கு வைத்து அடைத்துவிடுவான். மற்றவற்றை ஆசிரியர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். ஜப்பானியரை மெச்சுகிற வரியை மட்டும் தொடமாட்டார். தொட்டால் தன் தலை போகும் என்ற பயம். அந்தப் பயம்தான் எனக்கு வாசல் திறந்தது.

செல்லத்துரைக் கிராணியின் பேரன்பு, தியாக உள்ளம், தொழிலாளரோடு தாமும் சயாம் செல்லும் பெருமிதம்... என் அண்ணனைத் தின்றவனுக்கு இத்தனை அலங்காரம் செய்தேன். சிரித்துக்கொண்டே செய்தேன்!

பத்திரிகை வெளியானது. ஜப்பான் அதிகாரி கிராணியை அழைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். இனி இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதிகாரிக்கு அவமானம். கழுத்து மிஞ்சுமா? அடுத்த கூட்டத்தோடு போவதென்று முடிவாகிவிட்டது.

இதுவரை எனக்கு வருத்தமில்லை. சத்தியமாக இல்லை. இனிச் சொல்லப்போவதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு அச்சகத்துக்கு வந்தாள்.

"தான் குடுக்கேல்லை எண்டு இவர் சத்தியம் பண்ணுறார், தம்பி. உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் கொண்டுவந்து தந்தது?"

என் கை மை. என் முகம் கல். "அவரேதான் வந்து குடுத்தாரு, அக்கா. நல்லா பெருசா போடச் சொன்னாருலா."

அவள் அழவில்லை. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பெர்ரித் துறைக்கு நான் போனேன். பார்க்க வேண்டாமா? கழுத்தில் மாலையோடு நின்றார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவள் வரவேயில்லை. என்னைக் கண்டார்... என் சிரிப்பில் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தம்பி! மனிசியிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிப்போடும்!"

அவ்வளவுதான் கேட்டார். பெர்ரி நகர்ந்தது. சயாமிலிருந்து அவர் திரும்பி வரவேயில்லை.

நான் சொன்னேனா? சொல்லவில்லை. போர் முடிந்த பிறகும் அவள் நான்கு தெரு தள்ளித்தான் இருந்தாள். பாசாரில் கண்டால் நின்று பேசுவாள். "எங்களை வேண்டாமெண்டு தானாப் போனவருக்கு நான் என்னத்துக்கு அழ?" என்பாள். அவருக்கு அவள் திவசம்கூடக் கொடுக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கு இனித்தது! பெண்டாட்டியும் வெறுக்கும்படி அவரை அடித்துவிட்டேன் என்று வீடுவரை சிரித்துக்கொண்டே நடப்பேன். அந்தப் பெண் எனக்கு என்ன தீங்கு செய்தாள்? ஒருநாள்கூட இதை நான் என்னைக் கேட்கவில்லையே!

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். புருஷனை வெறுத்தபடியே இறந்தாள். இனி யாரிடம் சொல்வது?

மனம் திருந்தி எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அவரைத் தியாகி என்று நீங்கள் எழுதியதைப் பொறுக்க முடியாமல்தான் பேனாவை எடுத்தேன். பாதி எழுதிய பிறகுதான் புத்தியில் உறைத்தது... பொய்ச் செய்தி என்று திருத்தினால் அவர் அப்பாவி ஆகிவிடுவார். திருத்தாவிட்டால் தியாகியாகவே இருப்பார். எப்படியும் அவருக்கு ஒரு மரியாதை!

என் அண்ணனைப் பற்றி எழுத மட்டும் உங்களுக்கு ஒரு வரியும் அகப்படாது. எத்தனை பக்கம் புரட்டினாலும் மாணிக்கம் என்ற பெயர் வராது. அவன் செத்த சேதி வந்த நாளிலும் நான்தான் பக்கம் கோத்தேன். கிராணியின் பெயரைத்தான் வைத்தேன்.